வாசகர் கேள்வி-பதில்: பாட்டைத் தேடாதீர்கள், மேளத்தைப் பிடியுங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஜேலின் என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் 'அகோமா' ஆல்பத்தைப் பற்றி நாலு வரி எழுதி, கட்டாயம் கேளுங்கள் என்று முடித்திருந்தேன். அதற்குப் பிறகு தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சிலர் மயங்கிப்போய் எழுதியிருக்கிறார்கள், சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். நாலு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது என்று அப்போதே தெரியும். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியதை நம்பி 'அகோமா'வைப் போட்டேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரோ தட்டுகளை உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது ட்ராக்கோடு நிறுத்திவிட்டேன். இதில் பாட்டு எங்கே இருக்கிறது?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பாட்டு இல்லை. அதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

நாம் சின்ன வயதிலிருந்து பாட்டுக்குப் பழகிய காதுக்காரர்கள். பல்லவி எப்போது திரும்பி வரும், குரல் எங்கே நுழையும் என்று காது தானாகவே காத்துக்கொண்டிருக்கும். மேளம் என்பது அதற்குப் பின்னால் ஓடுகிற ஒன்று, அது நின்றுபோனால்தான் அது இருந்ததே நமக்குத் தெரியும். 'அகோமா'வில் அந்தப் பின்னால் ஓடுகிற மேளம்தான் முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. குரலும் மெட்டும் எட்டிப் பார்க்கிற இடங்களில்கூட அவை இன்னொரு தாள வாத்தியம் மாதிரிதான் நடந்துகொள்கின்றன. நீங்கள் வராத ஒருவருக்காக வாசலில் காத்திருந்ததால், வந்தவர்களைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

இன்னொரு முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒரு ட்ராக்கை எடுத்துக்கொண்டு, அதில் கைதட்டல் மாதிரி ஒரு ஒலி வரும், இல்லையென்றால் ஸ்னேர் டிரம்மின் 'டக்' வரும், அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் கவனிக்க வேண்டாம். அது எத்தனை அடிக்கு ஒரு முறை திரும்பி வருகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். பிடிபட்டதும் அதே ட்ராக்கை மறுபடி போட்டு, இந்த முறை அடியில் புரள்கிற பாஸை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு இது நாலு நாள் பிடித்தது. ஐந்தாவது நாள் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது தட்டுகள் உருளவில்லை, அவை ஒவ்வொன்றும் யாரோ யோசித்து வைத்த இடத்தில் விழுகின்றன என்று புரிந்தது. அன்றைக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கூடுதல் தகவல் கேட்டவர்களுக்கு: ஆல்பம் 2024 மார்ச் 22 அன்று வந்தது, வெளியிட்டது பிளானட் மியூ என்ற பிரிட்டிஷ் நிறுவனம், மொத்தம் 11 ட்ராக்குகள். கானா நாட்டு அகான் மக்களின் மொழியில் 'அகோமா' என்றால் இதயம். அவர்கள் துணியில் அச்சிடும் அடிங்க்ரா சின்னங்களில் அகோமாவும் ஒன்று, பொறுமையையும் அது குறிக்கும்.

யார் இந்த ஜேலின்? பெரிய இசைப் பள்ளியில் படித்தவரா?
– மதுரை வாசகர்

இல்லை, இரும்பாலையில் வேலை பார்த்தவர்.

இயற்பெயர் ஜெரிலின் பேட்டன். ஊர் கேரி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது, பக்கத்துப் பெருநகரம் சிகாகோ. மைக்கேல் ஜாக்சன் பிறந்த ஊரும் அதுதான். 1906இல் இரும்பு உருக்காலைக்காகவே கட்டப்பட்ட ஊர். 1960இல் அங்கே 1,78,000 பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 69,000 பேர்தான். ஆலை வேலைகள் குறையக் குறைய ஊரே காலியானது. அந்த ஊரில் இருந்துகொண்டு, ஆலை வேலைக்கும் போய்க்கொண்டு, மிச்ச நேரத்தில் வீட்டுக் கணினியில் பீட் செய்து பழகியவர் இவர். 2015இல் வந்த முதல் ஆல்பமான 'டார்க் எனர்ஜி'யை உருவாக்கியபோதும் ஆலை வேலையில்தான் இருந்தார். லண்டனிலிருந்து வரும் 'தி வயர்' இசைப் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. ஆரம்ப நாட்களில் எல்லோரையும் போல அவரும் பழைய சோல் பாட்டுகளிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதைச் சுற்றவிட்டு, அதன்மேல் மேளம் சேர்த்து ட்ராக் செய்துகொண்டிருந்தார். அப்படிச் செய்த ஒன்றைப் பெருமையாக அம்மாவிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். அம்மா நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் கூடவே, அது சரி, உன்னுடைய ஒலி எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டார். மகளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் அடுத்தவர் பாட்டை வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டு, காலியான திரையிலிருந்து ஒவ்வொரு ஒலியாகத் தானே கட்ட ஆரம்பித்தார்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவர் சார்ந்த 'ஃபுட்வொர்க்' என்ற இசை வகையில் சாம்பிள், அதாவது அடுத்தவர் பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டுதான் உயிர். அதை விட்டுவிட்டு அந்த வகைக்குள்ளேயே நிற்பது என்பது, ஏறக்குறைய புளி சேர்க்காமல் குழம்பு வைத்து அதைக் குழம்பு என்று ஊரை ஒப்புக்கொள்ள வைப்பது மாதிரி.

'ஃபுட்வொர்க்' என்று எழுதியிருந்தீர்கள். அது இசையா, நடனமா?
– சிவகாசி வாசகர்

இரண்டும்தான். பேரிலேயே கால் இருக்கிறது, கவனித்தீர்களா.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1977இல் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற நடன விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே இசைத்தட்டு ஓட்ட வந்தார். அந்த விடுதியின் பேரிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற இசை வகைக்கே பேர் வந்தது என்பார்கள். நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டிய வேகம், ஒவ்வொரு அடியிலும் ஒரு 'டும்'. அது உலகம் முழுக்கப் போய்விட்டது. சிகாகோவின் தெற்கு, மேற்குப் பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்கள் மட்டும் அதைத் தங்கள் வழியில் இன்னும் இன்னும் வேகமாக்கிக்கொண்டே போனார்கள், ஏனென்றால் அவர்களின் நடனம் வேகமாகிக்கொண்டே போனது. கெட்டோ ஹவுஸ், ஜூக் என்று படிப்படியாக ஏறி, 160 அடியில் வந்து நின்றபோது அதன் பேர் ஃபுட்வொர்க். 1997இல் ஆர்பி பூ செய்த 'பேபி கம் ஆன்' என்ற ட்ராக்கைத்தான் பலரும் இதன் தொடக்கம் என்கிறார்கள். அவரும் ஆடிக்கொண்டிருந்தவர்தான், ஆட்டக்காரர்களுக்காக இசை செய்ய வந்தவர்.

ஆட்டம் இப்படி இருக்கும். ஒரு கூடம், இல்லையென்றால் பள்ளி ஜிம். எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் நடுவில் வருவார். இடுப்புக்கு மேலே பெரிதாக ஒன்றும் நடக்காது, தோள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், பார்வை எதிராளியின் மேல் இருக்கும். முழங்காலுக்குக் கீழேதான் எல்லாம். குதிகால், முன்பாதம், பாதத்தின் ஓரம் என்று தரையை மாறி மாறித் தொட்டு, கால்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, வழுக்கிக்கொண்டு போவது போலப் போய் சட்டென்று நிற்கும். முப்பது நாற்பது விநாடி. அப்புறம் எதிராளி வருவார், அதே அடியை எடுத்து வேறாக்கிக் காட்டுவார். சும்மா ஆடுவதில்லை, பதிலுக்குப் பதில் பேசிக்கொள்வது. ஷூ ரப்பர் தரையில் உரசும் 'கிறீச்' சத்தம் பழைய வீடியோக்களில் இசைக்கு நடுவிலும் கேட்கும்.

இந்த வட்டத்துக்காகவே செய்த இசை என்பதால்தான் அது முதல் முறை கேட்கும்போது முழுமையில்லாதது போலத் தெரிகிறது. ஆட்டக்காரரின் காலுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

வெளி உலகத்துக்கு இது தெரியவந்தது 2010இல், பிளானட் மியூ 'பேங்ஸ் அண்ட் வொர்க்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டபோது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தொகுப்பில்தான் ஜேலினின் ட்ராக் முதன்முதலாக இடம்பெற்றது. இந்த வகையின் பெரிய பேர் டிஜே ரஷாத். 2013இல் 'டபுள் கப்' என்ற ஆல்பம் செய்தார், உலகம் திரும்பிப் பார்த்தது, 2014 ஏப்ரலில் 34 வயதில் இறந்துபோனார். அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

என் அப்பா தவில் வாசித்தவர். நீங்கள் சொன்ன ஆல்பத்தைக் கேட்டால் ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் மெதுவாகவும் ஓடுவது போல இருக்கிறது. கணக்கு என்ன?
– திருவாரூர் வாசகர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. வேகம் மாறவில்லை, ஒரே நேரத்தில் இரண்டு வேகமும் ஓடுகிறது.

ஃபுட்வொர்க்கின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 160 அடி, அதாவது ஒரு அடிக்கு 0.375 விநாடி. ஆனால் கைதட்டல் ஒலி நாலு அடிக்கு ஒரு முறைதான், மூன்றாவது அடியில் விழும். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு, தட்டலுக்கு ஒன்று, இரண்டு தட்டலுக்கு நடுவில் ஒன்று என்று தலையாட்டினால் உங்களுக்கு வேகம் 80தான். ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் இதயத் துடிப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும், 'அகோமா' என்ற பேரோடு இதைச் சேர்த்து யோசித்தது நான்தான், ஜேலின் சொன்னதில்லை. டிரம் செட்டில் 'ட்ஸ் ட்ஸ்' என்று ஒலிக்கிற தட்டு ஜோடியான ஹை-ஹாட்டைப் பிடித்தீர்கள் என்றால் 160, அதற்கு மேலும் ஓடும். எந்தப் படியில் நின்று கேட்கிறோமோ அந்த வேகம்.

அடுத்தது பாஸ். எட்டு சின்ன எண்ணிக்கையை நாலும் நாலுமாகப் பிரிக்காமல் 3+3+2 என்று பிரித்து அடிப்பது இந்த வகையில் சகஜம். வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக, தகிட தகிட தக. மேலே ஹை-ஹாட் தகதிமி தகதிமி என்று நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஒன்றாகப் புறப்பட்டு, நடுவில் விலகி, எட்டாவது முடிந்ததும் ஒன்றாகச் சேரும். சில இடங்களில் முழுசாகவே மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்குத் தாவிவிட்டு அடுத்த நொடி நாலு நாலான சதுஸ்ரத்துக்கு வந்துவிடும். நம் கச்சேரியில் நடை மாற்றினால் வாசிப்பவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும், இங்கே முகம் இல்லை, அதுதான் கஷ்டம்.

மிருதங்கம் வாசிக்கிற நண்பர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'சேலஞ்ச் டு பி கன்டினியூட் 2' என்ற ட்ராக்கைப் போட்டேன். அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் அணிவகுப்பு மேளக்குழுக்கள் உண்டு, தோளில் மாட்டிய ஸ்னேர்களும் பெரிய பாஸ் டிரம்களுமாக. அந்தச் சத்தத்தை மனதில் வைத்துச் செய்த ட்ராக். நண்பர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். முதலில் சிரித்தார், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது, கை தடுமாறியது, கண்ணை மூடிக்கொண்டார். "திரும்பப் போடு" என்றார். மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை, தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தில் கை வந்து சரியாக விழுந்தபோது அவர் "அடடா" என்று சொன்ன தொனி, நல்ல தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடியும்போது சொல்கிற அதே தொனி. காபி ஆறிப்போயிருந்தது. உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் அவருக்கும் போட்டுக் காட்டுங்கள், என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் வருகிற சத்தத்தை இசை என்று கொண்டாடுவது சரியா? விரல் தேய வீணை பழகியவர்கள் எங்கே, இவர்கள் எங்கே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஒரு பொத்தான் இல்லை.

ஜேலின் பயன்படுத்துவது எஃப்எல் ஸ்டுடியோ என்ற மென்பொருள். 1997இல் பெல்ஜியத்திலிருந்து 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்ற பேரில் வந்தது. திரையில் ஒரு ஒலிக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 16 கட்டங்கள். கட்டத்தைச் சொடுக்கினால் அந்த இடத்தில் அந்த ஒலி விழும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் அது தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் அதன் பலம் எவ்வளவு என்று தனியாகக் கூட்டிக் குறைக்க வேண்டும், சிலதை இம்மி முன்னால் நகர்த்த வேண்டும், சிலதைப் பின்னால், சிலதன் சுருதியை மாற்ற வேண்டும், சிலது எவ்வளவு நேரம் ஒலித்து அடங்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று நிமிட ட்ராக்குக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிவுகள். மிருதங்கக்காரர் விரலில் ஒரு நொடியில் எடுக்கும் முடிவை இவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து எடுக்கிறார். கஷ்டம் குறைவு இல்லை, அது வேறு வகைக் கஷ்டம்.

இன்னொரு விஷயத்தையும் உங்கள் முன்னால் வைக்கிறேன். சிகாகோவில் 'தேர்ட் கோஸ்ட் பெர்கஷன்' என்று ஒரு நால்வர் குழு இருக்கிறது, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பவர்கள், முறையாகப் படித்த கலைஞர்கள். அவர்கள் ஜேலினிடம் தங்களுக்காக ஒரு படைப்பு கேட்டார்கள். அவர் கணினியில் செய்து கொடுத்தார். அதை அவர்கள் அடி அடியாகப் பிரித்து, நிஜ வாத்தியங்களில் வாசிக்கும்படி எழுதிக்கொண்டார்கள், கோங், தம்புரின், பறவைச் சத்தம் எழுப்பும் ஊதல், தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வரைக்கும் இறக்கி. எட்டுக் கைகளும் வியர்க்க வியர்க்க வாசிக்க வேண்டிய இசை அது. 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற அந்தப் படைப்பு 2023இல் இசைக்கான புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கணினியை எடுத்துவிட்ட பிறகும் அந்த இசை நின்றது இல்லையா? அப்படியென்றால் அது கணினியில் இருக்கவில்லை, அவருக்குள் இருந்தது.

'அகோமா'வில் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், ஃபிலிப் கிளாஸ், க்ரோனோஸ் குவார்டெட் என்று பெரிய பேர்களைச் சேர்த்தது விற்பனைக்காகத்தானே?
– சென்னை வாசகர்

எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்பனைக்கு என்றால் அந்தப் பேர்களின் குரலும் இசையும் முன்னால் நிற்கும்படி செய்திருப்பார். இங்கே அவர்கள் எல்லோருமே ஜேலினின் மேளத்துக்குள் கரைந்துபோகிறார்கள். கடைசி ட்ராக்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் பியானோ வருகிறது. 1937இல் பிறந்தவர், ஒரு சின்ன வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதில் நூலிழை அளவு மாற்றத்தைக் கொண்டுவந்து நம்மை உட்கார வைப்பதில் வாழ்நாளைக் கழித்தவர். சுற்றிச் சுற்றி வரும் லூப்பை வைத்து வேலை செய்கிறவருக்கு அவர் வேற்று ஆள் இல்லை, பெரியப்பா முறை. பியானோ உருண்டு வரும்போது அதன் இடுக்குகளில் எல்லாம் மேளம் புகுந்து விளையாடுகிறது, ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

க்ரோனோஸ் குவார்டெட் 1973இல் தொடங்கிய நரம்பிசை நால்வர் குழு. இவர்களுக்கும் ஜேலினுக்கும் பழக்கம் முன்பே உண்டு, இளம் கலைஞர்கள் இலவசமாக எடுத்து வாசிக்கட்டும் என்று 50 புதிய படைப்புகளை எழுதி வாங்கிய அவர்களுடைய திட்டத்தில் ஜேலினின் படைப்பும் ஒன்று. பியோர்க் இருக்கும் ட்ராக்தான் ஆல்பத்தின் தொடக்கம். அது நல்ல தொடக்கம், ஆனால் அதைவிட நடுவில் இருக்கும் ட்ராக்குகள் எனக்கு நெருக்கம்.

கிளப்பில் இதைப் போட்டால் யாரும் ஆட முடியாது போலிருக்கிறதே. அப்புறம் எப்படி இது நடன இசை?
– பரதநாட்டிய மாணவி, சிதம்பரம்

ஆட முடியும். கூட்டத்தோடு கூட்டமாகக் குதிக்கத்தான் முடியாது. நீங்கள் ஜதிக்கு ஆடிப் பழகியவர், எனவே ஒரு ட்ராக்கை எடுத்து அதன் அடிகளைச் சொற்கட்டாக வாயால் சொல்லிப் பாருங்கள், கால் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

நடனக் கலைஞர்கள் இவரைத் தேடி வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பிரிட்டனின் வெய்ன் மெக்ரிகர் 2017இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் 'ஆட்டோபயோகிராஃபி' என்ற நடனத்தை அரங்கேற்றினார், அதற்கு இசை ஜேலின். மெக்ரிகர் தன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்தெடுத்து, மனித குரோமோசோம் ஜோடிகள் 23 என்பதால் நடனத்தையும் 23 பகுதிகளாக அமைத்தார். எந்த வரிசையில் எவை ஆடப்படும் என்பதை அந்த மரபணுவை வைத்து ஒரு நிரல் ஒவ்வொரு நாளும் முடிவு செய்யும், அதனால் இன்றைக்குப் பார்த்த வரிசை நாளைக்கு இருக்காது. எதற்குப் பின்னால் எது வந்தாலும் பொருந்துகிற மாதிரி இசை செய்ய வேண்டியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே, 2017இல் வந்த 'பிளாக் ஒரிகாமி' ஆல்பத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் பெங்களூரு நடனக் கலைஞர் ஏவ்ரில் ஸ்டார்மி உங்கர். இருவரும் சேர்ந்து மேடையேறியிருக்கிறார்கள், அந்த நெருக்கத்தில் பிறந்த ஆல்பம் அது. காகிதத்தை மடித்து மடித்து உருவம் செய்வது போல, ஒரு உடம்பு மடிந்து விரிவதைப் பார்த்துக்கொண்டே செய்த இசை. 'அகோமா'வைவிட ஒரு படி மேலாக நான் வைப்பது அதைத்தான்.

இந்தியாவில் இப்படி யாரும் செய்யவில்லையா?
– வேலூர் வாசகர்

ஃபுட்வொர்க் செய்தவர் யாரையும் எனக்குத் தெரியாது, ஆனால் எலக்ட்ரானிக் நடன இசையில் மிக முன்பே சோதனை செய்த ஒருவர் இருந்தார். சரண்ஜித் சிங். பம்பாய் இந்தி சினிமா இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர். 1982இல், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 (பாஸ் ஒலிக்கு), டிஆர்-808 (மேள ஒலிக்கு), ஜூபிட்டர்-8 (கீபோர்டு சின்தசைசர்) என்ற மூன்று கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். அந்த 303 என்பது பாஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்த சின்னப் பெட்டி. பாஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவில்லை என்பதால் சந்தையில் தோற்று, செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தது. அதன் நெளிகிற சத்தத்தை வைத்து சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டு, 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகை பேர் வாங்கியது 1987இல். சரண்ஜித் சிங் அதே பெட்டியில் அதே நெளிவைக் கொண்டுவந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால். ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது.

அப்போது அந்த ஆல்பத்தை வாங்க ஆள் இல்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் வாய்பிளந்தது. எழுபதை ஒட்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் போய் வாசித்தார். 2015இல் காலமானார். அதில் பூபாளியைக் கேளுங்கள், நம் மோகனம்தான். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். பழகிய ராகம் பழகாத சட்டையில் வரும், உங்களுக்கு உடனே பிடித்துவிடும் என்று நினைக்கிறேன்.

எந்த வரிசையில் கேட்கலாம்? விலையுயர்ந்த ஹெட்போன் வேண்டுமா?
– திருப்பூர் வாசகர்

விலை முக்கியமில்லை, ஆனால் செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் 808 வகை பாஸின் ஆழத்தை எழுப்பவே முடியாது, பாதி இசை வராது, மிஞ்சுவது தட்டு உருள்கிற சத்தம்தான். கோயம்புத்தூர் மாணவியும் இதைக் கவனிக்கட்டும். சாதாரண இயர்போன் போதும். முதலில் ரஷாத்தின் 'டபுள் கப்', அதில் குரலும் பாட்டுத் துண்டும் இருப்பதால் காது பழகும். அப்புறம் 'பிளாக் ஒரிகாமி'. அப்புறம் 'அகோமா'. ஒரே நாளில் மூன்றும் வேண்டாம்.

என் மகனுக்கு 15 வயது. பள்ளி விட்டு வந்ததும் லேப்டாப்பில் இதே எஃப்எல் ஸ்டுடியோவைத் திறந்து 'டம் டம்' என்று ஏதோ செய்துகொண்டே இருக்கிறான். திட்டவும் மனசு வரவில்லை, பாராட்டவும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?
– ஒரு அம்மா, திண்டுக்கல்

திட்டாமல் இருப்பதே பெரிய விஷயம் அம்மா. பாடம் படிக்கிற நேரம், இதற்கான நேரம் என்று அவனோடு பேசி ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், அதில் கண்டிப்பாக இருங்கள், தப்பில்லை. ஆனால் அந்த இன்னொரு நேரத்தில், வாரம் ஒரு நாளாவது, நீங்களும் ஒரு நாற்காலியைப் போட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். இசை புரிய வேண்டியதில்லை. திரையில் வரிசை வரிசையாக ஒலிகள் இருக்கும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரிசையாக எனக்குப் போட்டுக் காட்டு என்று சொல்லுங்கள். அவனுக்கு அது எப்படிச் செய்வது என்று தெரியும், ஒரு சொடுக்குதான். ஒவ்வொன்றையும் கேட்கும்போது, இது எங்கிருந்து எடுத்தது, இதை ஏன் இங்கே வைத்தாய் என்று கேளுங்கள். இணையத்தில் கிடைத்த துண்டு என்று சொல்வான், இது பிடித்திருந்தது என்று சொல்வான், இது நானே செய்தது என்று ஏதோ ஒன்றைக் காட்டும்போது அவன் குரல் மாறும். அந்த வரிசையை மட்டும் இன்னொரு முறை போடச் சொல்லுங்கள்.

அந்த லேப்டாப்பில் அவன் என்ன செய்கிறான் என்பதை எனக்கும் கேட்க ஆசையாக இருக்கிறது. அவனுக்குச் சம்மதம் என்றால் அனுப்பிவையுங்கள், கேட்டுவிட்டு அவனுக்கே எழுதுகிறேன்.